கோப்பின் மேல் இருந்த தேதி

போன வாரம், இதே கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் உங்களில் மூன்று பேர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். பேச்சோடு பேச்சாக, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று உங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. "எது லேட்டஸ்டோ அதை வெச்சுக்க வேண்டியதுதானே மேடம்" என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டினீர்கள். நான் டீ போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அந்த வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவள், அதன்படி நடந்தவள். என்ன ஆயிற்று என்பதை அன்றே சொல்லியிருக்கலாம். விருந்தாளிகளிடம் சொல்லும் கதையாக அது எனக்கு இன்னும் ஆகவில்லை. எழுதினால் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் கம்பெனி சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி ஒருவர், இன்ஜினியர்கள் நான்கு பேர். நால்வரில் நான் ஒருத்திதான் பெண். அப்போதைய கம்ப்யூட்டரில் டாஸ் என்ற சிஸ்டம் ஓடியது. திரை கறுப்பாக இருக்கும். நீங்கள் கட்டளையைத் தட்டினால் அது செய்யும். கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. ஏற்கெனவே ஒரு பெயரில் இருக்கும் கோப்பின் மேல் அதே பெயருள்ள இன்னொன்றைக் காப்பி செய்தால், உங்களுடைய மெஷின் கேட்பதுபோல் 'நிச்சயமா?' என்று அது கேட்காது. பழையது போய்விடும், புதியது உட்கார்ந்துவிடும், 'ஒரு கோப்பு காப்பி ஆனது' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மெஷின்கள் பலவற்றில் உள்ளே கடிகாரம் இருக்காது. கரண்ட் போய் வந்தால் அதற்கு நாள் கிழமை எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் 'இன்றைய தேதி என்ன?' என்று நம்மையே கேட்கும். நாம் எதுவும் சொல்லாமல் என்ட்டர் தட்டிவிட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று அதுவாக வைத்துக்கொள்ளும். அன்று சேமிக்கிற கோப்புக்கெல்லாம் அந்தத் தேதியே விழும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில் எங்களுடைய வாடிக்கையாளர். பண்ணைகளுக்கு வேண்டிய தீவனத்தை அரைத்துக் கலந்து அனுப்புவார்கள். எந்த வயதுக் கோழிக்கு மக்காச்சோளம் எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கலவைகளை அமைத்துத் தருபவர் ஒரு கால்நடை டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். எப்போதும் அவசரத்தில் இருப்பார். மில்லை நடத்தியவர் மேனேஜர் செங்கோட்டுவேல். நிதானமானவர். கோப்புகளைச் சேமித்துக் கையில் எடுத்துப்போகும் மெல்லிய சதுரத் தட்டான பிளாப்பி, இருவரிடமும் ஆளுக்கொன்று இருந்தது. டாக்டர் தன்னுடையதில் கலவையை மாற்றி, நேரம் கிடைக்கும்போது மேனேஜருடையதிலும் ஏற்றிக் கொடுப்பார். மேனேஜர் தன்னுடையதிலிருந்து பிரிண்ட் எடுத்து, தீவனம் கலக்கும் மிக்ஸரை ஓட்டுகிறவர்களிடம் கொடுப்பார்.

அந்த மில்லுக்கு ஹார்ட் டிஸ்க் உள்ள புது மெஷின் வந்தது. இரண்டு பிளாப்பிகளில் இருப்பதையும் அதில் ஒன்றாகச் சேர்க்க என்னை அனுப்பினார்கள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தனியாகப் போன முதல் பெரிய வேலை.

பெரும்பாலான கோப்புகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. குஞ்சுத் தீவனத்துக்கான கோப்பு மட்டும் வேறுபட்டது. மேனேஜர் பிளாப்பியில் இருந்ததன் மேல் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. டாக்டர் பிளாப்பியில் இருந்ததன் மேல் 1980 ஜனவரி ஒன்று. எது புதியது என்று பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தையதுதான் என்று முடிவு செய்தேன். ஹார்ட் டிஸ்க்கில் முதலில் ஏற்றியிருந்த டாக்டருடைய கோப்பின் மேல் மேனேஜருடையதைக் காப்பி செய்தேன். ஒரு கோப்பு காப்பி ஆனது.

1980-இல் அந்த மில்லே கிடையாது. அந்தக் கட்டடம் இருந்த இடம் அப்போது கடலைக்காடாக இருந்தது என்று மேனேஜர் அன்று மதியம் சாப்பிடும்போதுதான் சொல்லியிருந்தார். நடந்திருக்கவே முடியாத ஒரு தேதியைப் பார்த்து, 'ரொம்பப் பழசு' என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தேதிக்கு 'எனக்குத் தெரியாது' என்பதைத் தவிர வேறு அர்த்தமே இல்லை. தெரியாது என்பதற்கு நம்மிடம் தனியாக ஓர் எண் இருப்பதில்லை. அதனால் அது வேறு ஏதாவது எண்ணை மாட்டிக்கொண்டு வரும். நாமும் அதை எண்ணாகவே படிப்போம்.

மேனேஜர் இருபதடி தூரத்தில் எடை மேடையில் நின்றிருந்தார். போய், "இந்த ரெண்டுல எதுங்க?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பாரோ என்று இருந்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். பழைய பிளாப்பிகளை ஒரு மாதத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று எங்கள் சீனியர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். இரண்டையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேனேஜர் மேசை டிராயரில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் பிரிண்டர் பார்க்கப் போனேன். அங்கே வேலை பார்த்த பெண் கம்ப்யூட்டரைப் போட்டார். தேதி கேட்டது. திரையைப் பார்க்காமலே ஒரு தட்டு, நேரம் கேட்டதற்கு இன்னொரு தட்டு.

"தேதி போடலையா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அது பாட்டுக்குக் கேக்கும் மேடம். ரெண்டு தட்டு தட்டினா போயிடும்" என்றார்.

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். டாக்டர் எப்போதும் அவசரத்தில் இருப்பவர் என்பது ஞாபகம் வந்தது. மேனேஜர் நிதானமானவர், கேட்டதற்கு ஒழுங்காகத் தேதி போடுகிறவர். ஒழுங்காகப் போட்டவரிடம் இருந்தது பழைய கோப்பு. போடாதவரிடம் இருந்தது, அநேகமாகப் போன வாரம் மாற்றிய கோப்பு. அநேகமாக. அந்த வார்த்தைதான் என்னை அங்கேயே நிறுத்தியது. பிளாப்பிகள் நாமக்கல்லில் ஓர் உறைக்குள் கிடக்கின்றன. நான் நினைப்பது சரியா என்று பார்க்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முதலில் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நீ கண்ணால பார்த்தியாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதை வெச்சு மில்லை நிறுத்தச் சொல்லுவ? ஒண்ணும் இல்லேன்னா நாளைக்கு நம்மள உள்ள விடுவாங்களா? நாளைக்குக் காலைல நீயே போய்ப் பாரு. தப்பு இருந்தா சத்தமில்லாம சரி பண்ணிட்டு வா."

நியாயமாகத்தான் தோன்றியது. போனை வைத்தேன். வெளியே வந்து நாலு அடி நடந்தேன். தப்பு இருந்து நான் நாளை வரை சும்மா இருந்தால் என்ன ஆகும், தப்பே இல்லாமல் நான் இன்று போன் செய்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் யோசித்தேன். இரண்டாவதில் கேவலப்படப் போவது நான் மட்டும். முதலாவதில் யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் கால் பூத்துக்குத் திரும்பிவிட்டது.

மேனேஜரே எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். மெஷின் நல்லா ஓடுதுங்க. காலையில பிரிண்ட் எல்லாம் பளிச்சுன்னு வந்துருச்சுங்க."

"சார், குஞ்சுத் தீவனத்துல டாக்டர் கடைசியா ஏதாவது மாத்தினாருங்களா?"

"ஆமாங்க. போன வாரம். இந்த லோடு கருவாட்டுத் தூள்ல உப்பு சாஸ்தின்னு லேப்புல சொன்னாங்க. அதுக்கோசரம் தனியா உப்பே போட வேண்டாம்னு அவரு பிளாப்பியில மாத்தி, அதுலயே பேப்பர் எடுத்துக் குடுத்தாருங்க. ஏனுங்க?"

"காலையில எடுத்த பேப்பர்ல உப்பு இருக்குதானு பாருங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாரையோ கூப்பிட்டது மங்கலாகக் கேட்டது. மிக்ஸரில் வேலை செய்யும் ரங்கன் என்பவரை. திரும்பி வந்தபோது அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"இருக்குதுங்க. பழைய கணக்கே வந்திருக்குது. ரங்கன் காலையிலயே கேட்டானுங்க, 'போன வாரம் உப்பு வேண்டாம்னாங்களே'ன்னு. நாந்தான், புது மெஷின்ல வந்திருக்குது, பேப்பர்ல இருக்கறதைப் போடுன்னு சொல்லிப்போட்டேன்."

"மிக்ஸரை நிறுத்துங்க சார். எதுவும் வெளிய போயிருக்குதுங்களா?"

"ஒரு டெம்போ போயிருச்சுங்க. நாமகிரிப்பேட்டைக்கு. பாவாயின்னு ஒருத்தங்க பண்ணை. குஞ்சு எறக்கி நாலு நாளுதான் ஆச்சு. தீவனம் தீந்துபோச்சுன்னு வெடியறதுக்குள்ள ஆள் அனுப்பியிருந்தாங்க."

அந்தப் பண்ணையில் போன் கிடையாது. மேனேஜர் தன் மோட்டார் சைக்கிளில் கிளம்புவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க வந்து என்னங்க பண்ணப் போறீங்க? நான் பார்த்துக்கறேன், உடுங்க."

நழுவிக்கொள்ள அவர் எனக்கு ஒரு வழி விட்டார். இன்றைக்கும் அதை நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் பண்ணைக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டுக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறினேன். ராசிபுரத்தில் இறங்கி நாமகிரிப்பேட்டை டவுன் பஸ். அங்கிருந்து மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மண் பாதையில் நடை. வழியெல்லாம் ஒரே யோசனைதான் ஓடியது: ஒருவேளை அவர்கள் இன்னும் மூட்டையைப் பிரிக்காமல் இருந்தால்.

பிரித்திருந்தார்கள். ஷெட்டின் வாசலில் மேனேஜரின் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே அவரும், நாற்பது வயது மதிக்கத்தக்க பாவாயியும், அவருடைய கணவரும் குனிந்து தீவனத் தட்டுகளைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகளின் அருகே குஞ்சுகளே இல்லை. எல்லாம் தண்ணீர்க் குடுவைகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குடித்துக்கொண்டிருந்தன. கீழே பரப்பியிருந்த உமி ஈரமாகிக் காலில் ஒட்டியது. சில குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஓரத்தில் சில அசையாமல் கிடந்தன.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. நான் நினைத்தது சரிதான், வீணாக மில்லை நிறுத்தவில்லை, இனி யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. ஒரு நொடிதான் இருக்கும். அடுத்த நொடியே அது என்ன மாதிரியான நிம்மதி என்பது உறைத்தது. நம் தொழிலில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும். உங்களுக்கும் வரும். அது வரும்போது நான் அந்த ஷெட்டில் நின்றதை நினைத்துக்கொள்வேன்.

பாவாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவங்க யாருங்க?"

"கம்ப்யூட்டர் கம்பெனிங்க" என்றார் மேனேஜர். "அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிப் போச்சுங்க. அதான் பேப்பர் மாறிருச்சு." இரண்டாவது முறையாக எனக்கு வழி விட்டார்.

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதும்பாங்களே" என்றார் பாவாயி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது பண்ணலீங்க" என்றேன். "ரெண்டு கணக்கு இருந்துச்சுங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பழசை நான் புதுசுன்னு நினைச்சு வெச்சுட்டேன். பக்கத்துலதான் இவரு நின்னாரு. கேக்கல. தப்பு என்னுதுங்க."

பாவாயி கையிலிருந்த தட்டைச் சாக்கில் கவிழ்த்தார். அவருடைய கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாவாயி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு ஒரு காலித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"அந்தக் கோடியில இன்னும் பத்துத் தட்டு கிடக்குது. ஒரு பொட்டு இல்லாம வழிச்செடுங்க. பேச்செல்லாம் பொறவு பேசிக்கலாம்."

வழித்தெடுத்தேன். மதியத்துக்கு மேல் டாக்டர் வந்து சேர்ந்தார். வேறொரு பண்ணையில் இருந்தவரை மில்லிலிருந்து ஆள் போய்க் கூட்டி வந்திருந்தார்கள். உப்பு ஏறிய குஞ்சுகளை ஒரே மூச்சாகத் தண்ணீர் குடிக்க விட்டாலும் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டுக் கொடுங்கள் என்றார். ஈர உமியை அள்ளிவிட்டுப் புது உமி போட்டோம். பாவாயியிடம் சொன்னதையே நான் டாக்டரிடமும் சொன்னேன். தேதியைப் பார்த்து முடிவு செய்ததைச் சொன்னபோது அவருடைய முகம் மாறியது.

"நான் என்னைக்கு அதுல தேதி போட்டிருக்கேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அன்றும் மறுநாளும் குஞ்சுகள் செத்தன. நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அந்த டெம்போவில் போன மூட்டைகளில் பாதிக்கு மேல் பிரிக்காமலே திரும்ப வந்துவிட்டது. வேறு பண்ணைக்கு எதுவும் போகவில்லை. மறுநாள் நான் மில்லுக்குப் போய் டிராயரிலிருந்த உறையைப் பிரித்து, டாக்டர் பிளாப்பியிலிருந்து சரியான கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். இந்த முறை மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிய பிறகு ஏற்றினேன்.

எங்கள் முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. தப்பு செய்ததற்காக அல்ல, அவர் சொன்னதைக் கேட்காமல் போன் செய்ததற்காக. போன் செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துக் கொஞ்ச காலம் காத்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். டாக்டர் அந்த வருடம் முழுக்கக் கலவைகளைக் கையால்தான் எழுதிக் கொடுத்தார். எங்கள் மெஷினைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

உங்களிடம் இன்று எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. கடிகாரம் தானாகவே ஓடுகிறது, பழைய கோப்புகள் பத்துப் பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன. அதனால் இது நடக்காது என்று நினைக்காதீர்கள். கோப்பின் மேல் தேதி இருந்தால், அதைப் போட்டது யார், எந்த நிலைமையில் போட்டார் என்று ஒரு தடவை யோசியுங்கள். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது நம் வேலை இல்லை என்று எனக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளே உப்பு இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த மில்லுக்குப் போயிருந்தேன். மேனேஜர் வெளியே போயிருந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பாவாயி உள்ளே வந்தார். வாசலில் அவருக்கான டெம்போவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் அன்றைய கலவைக் காகிதம். அதை ரங்கனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இது சரியா இருக்குதுங்களா?"

கோப்பு திரையில்தான் இருந்தது. முந்தைய நாள் தேதி. காகிதமும் அதுவும் வரிக்கு வரி ஒத்துப்போயின. ஆமாங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்தேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு மிக்ஸர் இருந்த கொட்டகைக்குப் போனேன். ரங்கன் உடம்பெல்லாம் மாவாக நின்றிருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர் காலையில் என்ன போட்டார், டாக்டர் கடைசியாக வந்தபோது வாயால் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஓர் இடத்தில் யோசித்தார், பிறகு தலையாட்டினார். முடிந்ததும், "இதையெல்லாம் எங்கிட்ட யாருங்க கேட்டாங்க" என்றார். சிரித்தாரா என்று மாவுக்குள் தெரியவில்லை.

திரும்பி வந்து காகிதத்தைப் பாவாயியிடம் கொடுத்தேன்.

"சரியா இருக்குதுங்க."

அவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, டெம்போக்காரரிடம் போகலாம் என்று கையைக் காட்டினார்.